கிளட்ச்சுக்கு எட்டிய கால்

நெட்டை மச்சானுக்கு,

உங்கள் குட்டச்சி எழுதுவது. நான் சுகம். நாகப்பட்டினத்தில் மீன் லோடு இருப்பதால் கல்லறைத் திருநாளுக்கு வர முடியாது. உங்கள் தங்கச்சி விஜிலா உங்கள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி, இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.

நேற்று டீக்கடையில் பிக்கப் வண்டிக்காரர்களுக்கு ஒரே பேச்சு. ஒருவர் இன்ஜினில் சிப் மாற்றினாராம், மேட்டில் பறக்கிறதாம். இன்னொருவர் லோடு தாங்க ஸ்பிரிங் பட்டை கூட்டினாராம். கயத்தாறு அண்ணாச்சி என்னிடம், "ஏளா, ஒன் வண்டிக்கு என்ன செய்யப்போற?" என்றார்.

"கிளட்ச்சுக்கு என் கால் எட்டணும் அண்ணாச்சி. ஏழு மாசமா சீட்டு நுனியில தொங்கிக்கிட்டு ஓட்டுதேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் உட்கார்ந்த இடம் என்றுதான் சீட்டை அசைக்காமல் இருந்தேன். போன வாரம் கிளட்ச்சிலிருந்து கால் வழுக்கி, வண்டியை ஐஸ் பெட்டியில் இடித்துவிட்டேன், பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணாச்சி பட்டறைக்குக் கூட்டிப்போய், துருப்பிடித்து நகராத சீட்டை அறுத்து முன்னால் தள்ளி வெல்டு வைக்கச் சொன்னார். இன்ஜினை நான் தொட விடவில்லை. வண்டியை விற்கவும் மாட்டேன், நானே ஓட்டுவேன்.

விஜிலா, திருக்கைக் கருவாடு கொஞ்சம் கொடுத்துவிடு. தனியாகச் சோறு இறங்கவில்லை.

லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள். மச்சான், இனி நீங்கள் ஏறி உட்கார்ந்தால் ஸ்டியரிங்கில் முழங்கால் இடிக்குமே, என்ன செய்வீர்கள்?