முன் கேரியரைக் கழற்றிவிடு

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. வீட்டில் மூன்று பேரும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீ எந்த ஊரில் எந்த மரத்தடியில் கூடாரம் அடித்திருந்தாலும் கைகால் நோகாமல் இருக்க வேண்டும், ஒரு வாரமாக எனக்கு வேறு நினைப்பு இல்லை. இதைப் படித்து முடிக்கும்வரை சைக்கிளில் ஏறாதே. முன் சக்கரத்தின் மேல் நான் செய்து மாட்டிய கேரியரை முதலில் கழற்று. நீ அடுத்துப் போய்ச் சேரவேண்டிய ஊரின் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அம்மாளிடம் போனில் பேசினேன். நீ முன்கூட்டியே அனுப்பிய குளிர் உடுப்புப் பார்சல் வந்து காத்திருக்கிறதாம், நீதான் இன்னும் வரவில்லையாம். இந்தக் கடிதத்தை அந்தப் பார்சல் மேலேயே கட்டி வைக்கிறேன், வாயாலும் சொல்கிறேன் என்றார். ஆனால் உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா, யாரோ சொன்னார்கள் என்று கேட்கிற ஆளா நீ? ஏன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

நீ கிளம்பின மறுவாரமே நம் தெருவில் பேப்பர் போடுகிறவர் என் வெல்டிங் பட்டறைக்கு வந்து, பொண்ணுக்குச் செஞ்ச மாதிரியே எனக்கும் ஒண்ணு வேணும், அதே அழகு வரணும் என்று கேட்டார். அதே குழாய், அதே அளவு, அதே மாதிரி செய்து கொடுத்தேன். போன செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூட இறக்கத்தில் அது வெல்டிங் ஒட்டு விட்டுச் சரிந்து முன் சக்கரத்துக் கம்பிகளுக்குள் நுழைந்துவிட்டது. சைக்கிள் அங்கேயே நின்றுவிட்டது, அவர் மட்டும் முன்னால் போய் விழுந்தார். முன்பல் இரண்டு போயிற்று, தோள்பட்டை எலும்பில் விரிசல். மறுநாள் ஒரு கையைக் கழுத்தில் தொங்கவிட்டு, மறு கையில் அந்தக் கேரியரைப் பிடித்துக்கொண்டு வந்தார். திட்டட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன். பல்லு ரெண்டு போச்சு தங்கச்சி, ஆனா பேப்பர் ஒண்ணுகூட சேத்துல விழல என்று பொக்கை வாயோடு சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, உன் பொண்ணு சைக்கிள்ல இருக்கறதும் இதுதானே என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு உயிரே போயிற்று.

உடைந்த இடத்தை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பாதி விரிசல் பளபளவென்று புதிதாக இருந்தது, பாதி துருவேறிப் பழுப்பாக இருந்தது. அப்படியென்றால் அது ஒரே நாளில் உடையவில்லை, பல நாளாக உள்ளுக்குள் பிளந்துகொண்டே வந்திருக்கிறது, மேலே பெயின்ட் அதை மூடிக்கொண்டே இருந்திருக்கிறது. குழாய் மேல் குற்றமில்லை, குற்றம் என் கையில்தான். கிளம்பும் முன் நீ சமையலறைத் தராசை மேசையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எடை போட்டாயே, பல்துலக்கும் பிரஷின் பிடியை அறுத்து, துண்டைப் பாதியாக வெட்டி, சட்டையின் உள்ளே இருந்த துணிச்சீட்டைக்கூடப் பிரித்தெடுத்தாயே, அப்போது நான் செய்த முதல் கேரியரையும் வைத்தாய். முள் எவ்வளவு ஏறியது என்று எனக்குத் தெரியாதபடி தராசைக் கொஞ்சம் திருப்பி வைத்தாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் மெல்லிய குழாயில் புதிதாகச் செய்தேன். கடையில் வாங்கினது மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும் என்று வெல்டிங் வைத்த இடத்தில் மேடாக நின்றதையெல்லாம் கிரைண்டரில் தேய்த்து எடுத்தேன். பத்தொன்பது வருஷமாக கேட்டும் கிரில்லும் செய்கிறேன், ஒரு கேட்டுக்குக்கூட அப்படித் தேய்த்ததில்லை, அந்த மேட்டில்தான் பிடிப்பே இருக்கிறது. அதை நீ கையால் தடவிப் பார்த்து, அம்மா, இது நீ செஞ்சதா என்று கேட்டாய். அந்தக் கேள்விக்காகத்தான் அத்தனையும் தேய்த்தேன் என்பது இப்போது எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது. தேய்த்ததை உன்னிடம் சொல்லவில்லை.

உன் அப்பா எழுத வேண்டாம் என்கிறார். மலை ஏறப்போற பிள்ளையை ஏன் கலங்கடிக்கிற, பேப்பர்காரர் முப்பது கிலோ ஏத்தினார், அவள் ஏத்தினது ஏழோ எட்டோ, வந்ததும் மாத்திக்கலாம் என்கிறார். சொல்லிவிட்டு அவரே வாசலுக்கும் போனுக்கும் நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைத் திறப்பேன் என்றாய், நேற்று நாங்கள் மாற்றி மாற்றி அடித்தும் கிடைக்கவில்லை. எடை குறைவுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்பது நாளாகக் குண்டும் குழியுமான ரோட்டில் அது குலுங்கிக்கொண்டே போகிறது, இனி வரப்போவது ஏற்றம், அதற்கு அந்தப் பக்கம் பதினாறு கிலோமீட்டர் இறக்கம் என்று நீதான் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாய்.

கேரியர் இல்லாமல் சாமானை எங்கே வைப்பது என்று கேட்பாய். கூடாரத்தை ஹேண்டிலோடு குறுக்காகக் கட்டிக்கொள், பிரேக் கம்பியில் இடிக்காமல் பார்த்துக்கொள். ஸ்லீப்பிங் பேக் பின்பக்கம் போகட்டும். மலை மேலே குளிரும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டாவது பாத்திரத்தை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு. பின் பையில் அடியில் விரித்த துணிக்குக் கீழே ஒரு பெரிய சோப்புக்கட்டியும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் இருக்கும், நான்தான் உனக்குத் தெரியாமல் திணித்தேன், இதுவரை கண்டுபிடித்து என்னை வைதிருப்பாய், அதையும் கொடுத்துவிடு. சின்னவள் தந்த தடிப் புத்தகம் என்ன ஆவது என்று அவளிடமே கேட்டேன். பக்கத்தின் ஓரத்தை மடித்தாலே என்னோடு இரண்டு நாள் பேசாதவள், படிச்ச வரைக்கும் கிழிச்சுப் போட்டுடச் சொல்லும்மா என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போது இந்தக் கடிதத்தைப் பார்த்து இன்னொரு பிரதி எழுதுகிறாள், நீ தங்கப்போகும் மலையடிவார விடுதிக்கு அனுப்ப. நடுவில் வந்து, திணித்தேன் என்பதை ஒளித்து வைத்தேன் என்று மாற்றலாமா என்று கேட்கிறாள். ஒன்றையும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

பேப்பர்காரருக்குத் தோள் கூடும்வரை விடியற்காலையில் அவர் பையை நான்தான் சுமந்து தெரு தெருவாகப் போடுகிறேன், நடந்துதான். கிரைண்டரைத் தொடக் கை வரவில்லை, அதனால் இரண்டு கேட் பாதியில் நிற்கிறது. அது என் பாடு, நீ அதை நினைத்துக் கவலைப்படாதே.

வேளைக்குச் சாப்பிடு, தனியாகத் தண்ணீரில் இறங்காதே, இருட்டும் முன் கூடாரம் அடி. நீ போகிற பாதையெல்லாம் உனக்கு நல்லதாக இருக்கட்டும் என்று நாங்கள் மூவரும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. கழற்றும் முன் நீ கட்டாயம் குனிந்து அந்த ஒட்டைத் தடவிப் பார்ப்பாய். அது வழவழப்பாக, ஒரு குறையும் இல்லாமல்தான் இருக்கும். அம்மா வீணாகப் பயப்படுகிறாள் என்று தோன்றும். அந்த அழகை நம்பாதே, ஸ்பேனரை எடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும்
அம்மா