எத்தனை படி, அக்கா?

ஜனவரி 8

முகம் தெரியாத அக்காவுக்கு,

நலம்தானே? நான் எட்டாம் வகுப்பு. உயர்நிலைப் பள்ளிக்குப் போகப்போகிற எங்கள் ஒவ்வொருவருக்கும், அங்கே ஒன்பதாவது படிக்கிற ஒருவரைக் கடிதத் துணையாகப் பிடித்துக் கொடுத்திருக்கிறார் எங்கள் வழிகாட்டி டீச்சர். உங்கள் பள்ளிக்கும் அவர்தானாமே. சொந்தப் பெயர் எழுதக் கூடாதாம். பெயர் தெரியாவிட்டால்தான் உண்மை வருமாம். கடிதங்களை அவரே பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்.

எந்தப் பள்ளி என்று பிப்ரவரி முதல் தேதிக்குள் படிவத்தில் எழுதித் தர வேண்டும். என் தோழிகள் மூன்று பேரும் பக்கத்துத் தெருப் பள்ளிக்குப் போகிறார்கள். எனக்கு உங்கள் பெரிய பள்ளியின் ஆய்வகத்தின் மேல் ஆசை. அம்மா, "ஆழம் தெரியாம கால விடாத" என்கிறாள். அப்பா, "கேட்டுட்டு விடட்டுமே" என்கிறார். அதனால் கேட்கிறேன். மணி எப்படி அடிக்கும்? துணையில்லாதவர்கள் சாப்பாட்டு நேரத்தில் எங்கே உட்காருவார்கள்? ஒன்பதாம் வகுப்புக்கு எத்தனை படி ஏற வேண்டும்?

இப்படிக்கு,
கேள்விமூட்டை
(அம்மா வைத்த பெயர்)

ஜனவரி 13

அன்புத் தங்கச்சிக்கு,

உன் மூட்டையை அவிழ்த்ததும் சிரித்துவிட்டேன். பயப்படாமல் வா. இங்கே எல்லாரும் நல்லவர்கள். துணையில்லாமல் யாரும் சாப்பிடுவதில்லை. படிகள் முப்பது இருக்கும். எனக்குப் பிடித்த இடம் மாடியில் இருக்கிற நூலகம். நேற்றுகூட ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். ஆய்வகத்தில் மூலை மேஜை நுண்ணோக்கிதான் தெளிவானது, அதைப் பிடித்துக்கொள்.

அன்புடன்,
ஜன்னலோரம்

ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று எங்களை உங்கள் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூலை மேஜை நுண்ணோக்கியில் என் தலைமுடியைப் பார்த்தேன். மரக்கிளை மாதிரி இருந்தது. மற்றவர்கள் மைதானத்துக்குப் போனபோது நான் படிகளை எண்ணினேன். முப்பது இல்லை, நாற்பத்திரண்டு. இரண்டு தடவை எண்ணினேன்.

மாடியில் நூலகமும் இல்லை. பூட்டிய அறைதான் இருந்தது. கூரை ஒழுகியதால் நவம்பரிலேயே கீழே மாற்றிவிட்டதாக நூலகர் சொன்னார். அப்படியென்றால் நீங்கள் போன வாரம் எந்த ஜன்னலோரம் படித்தீர்கள்?

சண்டை போடக் கேட்கவில்லை, அக்கா. உங்கள் கடிதத்தை நம்பித்தான் படிவத்தில் எழுதப் போகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள்.

கேள்விமூட்டை

ஜனவரி 26

தங்கச்சிக்கு,

உன்னிடம் பொய் சொன்னது வெட்கமாக இருக்கிறது. நவம்பர் முதல் வாரத்திலிருந்து நான் பள்ளிக்கே போகவில்லை. நூலகம் மாறியதே நீ சொல்லித்தான் தெரியும். நான் படித்தது என் வீட்டு ஜன்னலோரம்.

உன்னை மாதிரியே என் தோழிகளும் வேறு பள்ளிக்குப் போனார்கள். நான் ஆய்வகத்துக்கு ஆசைப்பட்டு இங்கே வந்தேன். துணையில்லாதவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டாயே. படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். ஐந்து மாதம் அங்கேதான் சாப்பிட்டேன். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. ஒருநாள் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றேன். மறுநாள் வலி இல்லாமலே நின்றேன். பிறகு போவதற்குப் பயம் வந்துவிட்டது. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள்.

டீச்சர் உன் கடிதத்தை என் வீட்டுக்குத்தான் கொண்டுவருகிறார். ஒன்பதாம் வகுப்பில் அத்தனை பேர் இருக்க, என்னை ஏன் பிடித்தார் என்று தெரியவில்லை. நீ தோழிகளோடு போ. அதுதான் நல்லது.

ஜன்னலோரம்

ஜனவரி 31

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது. அம்மாவிடமும் காட்டினேன். அவளும் முழுக்கப் படித்தாள். பிறகு, "இப்பதான் ஆழம் தெரிஞ்சுதே, இனி உன் இஷ்டம்" என்றாள்.

படிவத்தில் உங்கள் பள்ளியை எழுதிவிட்டேன். உங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை. என் தலைமுடி மரக்கிளை மாதிரி இருக்குமென்றால், எறும்பின் கால் எப்படி இருக்கும் என்று பார்த்தே ஆக வேண்டும். தோழிகள் என்னோடு பேசவில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது.

அந்தத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தை உங்கள் பள்ளிக்கு வந்த அன்றைக்கே பார்த்தேன். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால் ஜூனில் நான் வரும்போது அங்கே நீங்கள் இருப்பீர்களா? கேள்விகளிலேயே இதற்குத்தான் எனக்குப் பதில் உடனே வேண்டும்.

கேள்விமூட்டை

பிப்ரவரி 6

கேள்விமூட்டைக்கு,

இதைக் கீழ்த்தள நூலகத்தில் எழுதுகிறேன். ஜன்னல் சின்னது, ஆனால் காற்று வருகிறது. காலையில் அம்மா பள்ளி வாசல் வரை வந்தாள். டீச்சரும் நின்றிருந்தார். ஒன்றும் கேட்காமல் பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வகுப்பில் எனக்குப் பாதிப் பாடம் புரியவில்லை. பக்கத்துப் பெண் அழிப்பான் கேட்டாள், கொடுத்தேன். அவ்வளவுதான் பேச்சு. நாளைக்கு வருவேனா என்று நாளைக்குத்தான் தெரியும்.

மணி இரண்டு தடவை அடிக்கிறது. முதல் மணிக்கு நான் இருபதாவது படியில் நின்றுகொண்டிருந்தேன், திரும்பிவிடலாமா என்று. அதற்குள் பாதி எண்ணிவிட்டேன், மீதியையும் எண்ணாமல் உனக்கு எப்படி எழுதுவது?

நாற்பத்திரண்டுதான். நீ எண்ணியது சரி.

அக்கா