மேல உக்காந்தா காத்து தூக்காது

என் ஆசை மச்சான் சகாயத்துக்கு,

நல்லா இருக்கியாடான்னு கேக்கற யோக்கியதை எனக்கு இல்ல. நேரா விஷயத்துக்கு வர்றேன். உன் வூட்டுக் கூரைக்குப் பாக்கி இருந்த தகர ஷீட்டுங்களை நேத்து மலைமேல கொண்டுபோய்ச் சேர்த்துட்டேன். பன்னெண்டு அடி நீளம், நீ புடிவாதம் புடிச்சு வாங்கின அதே பச்சைக் கலரு. அதே ஆம்னி வேன், அதே கேரியர். ஓட்டினதும் நான்தான்.

வேற வழியில்லடா. லோடு வண்டிக்காரன் அடுத்த வாரம்தான் வருவேன்னுட்டான். மழை எறங்கிடுச்சு. நீ போட்டுட்டுப் போன பாதிக் கூரைக்கு அடியில ரோசி படுத்திருக்கா, மீதிப் பாதிக்குத் தார்ப்பாய். உன் பொண்ணு பொறந்து நாப்பத்தஞ்சு நாள் ஆவுது. ஆமாம்டா, பொண்ணு. மூக்கு அப்படியே நீ. தார்ப்பாய் ஒழுவற எடத்துல அண்டா வச்சிருக்காங்க, அந்தச் சொட்டு சத்தத்துலதான் புள்ளை தூங்குது. அம்மா வூட்டுக்குப் போம்மான்னா ரோசி கேக்கல. "அந்த ஆளு பாதியில வுட்டதை முடிக்காம நான் நவுர மாட்டேன்"ங்குறா.

அந்த ஆளுன்னுதான் சொல்றா, உன் பேரைச் சொல்றதில்ல. அவ அழுவறதைவிட உன்னைத் திட்டறதுதான் ஜாஸ்தி. "வயித்துல புள்ளையோட ஒருத்தி காத்துகினு இருக்காளேன்னு நெனப்பே இல்லாம, வேடிக்கை காட்டவா மேல ஏறினாரு? யாரு ஏறச் சொன்னா?"ன்னு ஒவ்வொரு வாட்டியும் கேக்குறா. உன் போட்டோவை மாட்டாம துணி மூட்டைக்குள்ள சொருகி வச்சிருக்கா.

யாரு ஏறச் சொன்னா? பதில் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் கல்லறையில படுத்துட்டான். இன்னொருத்தன் அவ எதிர்ல தலையைக் குனிஞ்சுகினு உக்காந்திருந்தான்.

அன்னிக்குச் சந்தவாசல் ஊர்ல, தகரக் கடை வாசல்ல நடந்தது உனக்கு மறந்திருக்காது. பின்பக்கம் கட்டினதோட கயிறு தீந்துபோச்சு. லோடு ஏத்தினவரு சொன்னாரு, "சார், முன்னாடி ஷீட்டோட மூக்கைப் பம்பரோட இழுத்துக் கட்டுங்க. இல்லாட்டி அடியில காத்து பூந்துடும்." நீ உடனே கெளம்பின. "மாமா, ரெண்டு நிமிசம், கயிறு வாங்கியாந்துர்றேன்." கயிறு விக்கிறவன் கடையைப் பாதி சாத்திட்டுச் சாப்பிடப் போயிருந்தான். நான்தான் கத்தினேன், "எவன்டா அதுவரைக்கும் காத்துகினு கெடப்பான்? மலைக்காரங்க மூட்டைமேல குந்திகினு போறதில்லயா? நீ ஏறிக்க. மேல உக்காந்தா காத்து தூக்காது."

"நான் இன்னா பாறாங்கல்லா மாமா?"ன்னு சிரிச்ச. சிரிச்சுகினே ஏறின. மாமா சொல்லிட்டேன் இல்ல, தட்ட மாட்ட. உனக்கு என்மேல அவ்ளோ மரியாதை எதுக்குடா? ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, போய்யா யோவ்னு திட்டிட்டுக் கயிறு வாங்கப் போயிருக்கக் கூடாதா?

எனக்கு இன்னா அவசரம் தெரியுமா? பசி. உங்க அக்கா மீன் கொழம்பு வச்சிருந்தா. ஷீட்டை மேல எறக்கிட்டுச் சீக்கிரம் திரும்பினா சூடா சாப்பிடலாம்னு நெனச்சேன். அவ்ளோதான். மனுசன் இதுக்கா ஒரு உசுரை மேல ஏத்துவான்?

மலை வளைவுல எதிர்ல பஸ்ஸு எறங்கிச்சு, பிரேக் அடிச்சேன். தகரம் சரியற சத்தம்தான் கேட்டுச்சு. உன் சத்தம் கேக்கவே இல்ல. கீழ எறங்கிப் பார்த்தா நீ சுவத்து ஓரமா கெடந்த, உன்மேல பச்சையா நாலு ஷீட்டு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போய்ட்ட. அக்கா ஓடிவந்து என் சட்டையைப் புடிச்சு, எப்படி ஆச்சுன்னு கேட்டா. "அவனாதான் ஏறினான், நான் சொல்லச் சொல்லக் கேக்கல"ன்னேன். ஏறினான்னதோட நிறுத்தியிருக்கலாம். சொல்லச் சொல்லக் கேக்கலன்னு எதுக்குச் சேர்த்தேன்? இத்தினி மாசமா யோசிச்சுப் பார்க்கறேன், என்னைக் காப்பாத்திக்கத்தான்ங்கறதைத் தவிர வேற காரணம் கெடைக்கல.

நேத்து கயிறு மூணு சுருள் எடுத்துகினு போனேன். ஷீட்டுங்களை ஒண்ணோட ஒண்ணு போல்ட்டு போட்டு, மூக்கைப் பம்பரோட இழுத்து, நாலு பக்கமும் கட்டினேன். அக்கா பக்கத்து சீட்டுல. அத்தினி கட்டியும் அவ ஜன்னல் வழியா கையை வுட்டு ஷீட்டைப் புடிச்சுகினே வந்தா. நீ இருந்திருந்தா அவளைக் கிண்டல் பண்ணி ஓட்டு ஓட்டுன்னு ஓட்டியிருப்ப.

மலையடிவாரத்துல பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மலைக்காரரு கையைக் காட்டினாரு. ரெண்டு கேழ்வரகு மூட்டை வச்சிருந்தாரு. வண்டியை நிறுத்தினேன். மூட்டைங்களை உள்ள தூக்கிப் போட்டுட்டு ஷீட்டை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாரு. "நான் மேல குந்திக்கிறேன் சார். ஆளு குந்தினா காத்து தூக்காது." சொல்லிகினே டயர்மேல காலை வச்சுட்டாரு.

எனக்கு இன்னா ஆச்சோ தெரியலடா. அவரு சட்டையைப் புடிச்சுக் கீழ இழுத்துட்டேன். "எறங்கு! எறங்குய்யா! ஒருத்தனை ஏறச் சொல்லிக் கொன்னது போதும்யா எனக்கு!" அவரு பாவம் மெரண்டு போயி, "இன்னா சார், ஒத்தாசைக்குத்தான சொன்னேன்"ங்குறாரு. நான் ரோட்டுலயே குந்தி ஓன்னு அழுதேன்.

அக்கா எறங்கி வந்தா. "இன்னா சொன்னீங்க?"

நான் கட்டின கயித்தையே பார்த்தேன்.

"என் தம்பியை ஏறச் சொன்னது நீங்களா?"

தலையை ஆட்டினேன். அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ அந்த மலைக்காரருகிட்ட மன்னிப்பு கேட்டு, அவரை முன்சீட்டுல உக்கார வச்சிட்டு, பின்னாடி மூட்டைங்க நடுவுல போய் உக்காந்தா. நீ விழுந்த வளைவு வந்தப்ப பின்னாலருந்து விசும்பற சத்தம் கேட்டுச்சு. மலைக்காரரு ஜமுனாமரத்தூர்ல எறங்கிக்கினாரு.

ரோசிக்கு ஷீட்டைப் பார்த்ததும் அவ்ளோ சந்தோசம். புள்ளையோட வாசலுக்கே வந்துட்டா. கயிறு கட்டியிருந்ததைப் பார்த்துட்டு, "இந்தப் புத்தி அந்த ஆளுக்கு இருந்திருந்தா"ன்னா. அக்கா என்னையே பார்த்தா. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் தொறக்கலடா. புள்ளையை என் கையில குடுத்தா, வாங்கிக்கினேன். அந்தக் கையாலயே வாங்கிக்கினேன்.

திரும்பி எறங்கும்போதுதான் அக்கா பேசினா. "நாளன்னிக்குக் கூரை போட ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள நீங்க சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். அவன் செத்தது விபத்துன்னு மனசைத் தேத்திக்குவேன். அவ அவனைத் திட்டும்போதெல்லாம் சும்மா உக்காந்து கேட்டுகினு இருந்தீங்களே, அதை எப்படிங்க நான் மறப்பேன்?"



பயமா இருக்குது மச்சான். ரோசி என்னை அண்ணான்னு கூப்பிடறது நாளையோட நின்னுடும். புள்ளையைத் தொட வுட மாட்டா. கோவத்துல ஷீட்டே வேணாம்னு தூக்கிப் போட்டுட்டா, கொட்டற மழையில அந்தக் கொழந்தை இன்னா பண்ணும்? உங்க அக்கா எங்கூட இருப்பாளா? எதுவும் தெரியல. நீயும் இல்ல கேக்கறதுக்கு.

ஆனா உனக்கு ஒரு வாக்கு குடுக்கறேன். நாலு பேர் படிக்கட்டும்னுதான் இதை வெளிய எழுதறேன், பின்வாங்க முடியாது பாரு. நாளைக்குக் காலையில உள்ள போவ மாட்டேன், போய் உக்காந்துட்டா எனக்கு வாய் வராது. வாசல்லயே நின்னு, "சகாயம் கயிறு வாங்கத்தாம்மா கெளம்பினான். வேணாம்னு அவனை மேல ஏத்தினவன் நான்"னு சொல்லிடுவேன். அதுக்கப்புறம் அவ யாரைத் திட்டினாலும் அது நீயா இருக்க மாட்ட.

உங்க அக்காவைக் கட்டின பாவி,
உன் மாமா