விடிந்ததைச் சொன்ன ரேடியோ

குழலிம்மா,

ஹிட்லர் கால ஜெர்மனியின் புக்கன்வால்ட் வதைமுகாம் பற்றி நான் பாடம் நடத்திய அன்று, "பக்கத்து ஊர்க்காரங்க காதுல கூடவா வுழல, நைனா?" என்று கேட்டாய். தெரியாது என்றுதான் அவர்கள் சொன்னார்கள் என்றேன்.

ராயபுரத்தில் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இறால் உரிக்கும் கொட்டகையில் பூட்டி வைத்திருந்த பெண்களை நேற்று போலீஸ் மீட்டது. இன்ஸ்பெக்டர் விசாரித்தபோது நானும் தெரியாது என்றேன்.

அதைக் கேட்ட ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரேடியோ வூட்டு தாத்தா நீதானா? உள்ள ஒரே இருட்டு. நீ ரேடியோ வெச்சாதான் விடிஞ்சிச்சுன்னு எங்களுக்குத் தெரியும். இன்னா சத்தம்!"

எவ்வளவு சத்தமாக வைத்தேன் என்று உன் அம்மாவுக்கும் தெரியும். எனக்குக் காது நன்றாகவே கேட்கும், குழலி.

இன்று உன் வீட்டு ரேடியோவை அணைத்துவிட்டு, பின்வாசலில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று கேள்.

உன் நைனா