கடைக்காய் நுழையாத வீடு

ஜூலை 6

ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவளுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பதாகப் பாப்பா சொன்னாள். பெற்ற மகளிடம் போனில் அரை மணி நேரம் பேசுகிறாய். கட்டியவனுக்கு மட்டும் கடிதம்தான் என்று சட்டம் போட்டிருக்கிறாய். சரி. ஆயுள் முழுக்க பஸ் டிப்போவில் ஸ்பேனர் பிடித்தவனுக்கு எழுத வராது என்று நினைத்திருப்பாய். வரும்.

ஹாஸ்டல் சமையல்காரிக்கு உடம்பு சரியில்லை, அவள் தேறும்வரை மாற்று ஆளாக ஒரு மாதம் என்றுதான் கிளம்பினாய். அப்போது தக்காளி முடிகிற நேரம். இப்போது மழை பிடித்து, பூசணிக்கொடி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிவிட்டது. காலையில் பூசணி மசியல், மதியம் பூசணிக் குழம்பு, இரவு மிச்சம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன மாமா, ஆளே மஞ்சளா ஆயிட்டீங்க?" என்கிறார். சிரிக்கட்டும். அவர் வீட்டுச் சட்டியில் வேகிற காய் எங்கே விளைந்தது, எந்த மருந்து அடித்து வளர்ந்தது என்று அவருக்கே தெரியாது. என் தட்டில் இருப்பது எந்தப் பாத்தி என்று எனக்குத் தெரியும். ரிட்டயர் ஆன நாளிலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் தவிர இந்த வீட்டு வாசலைக் கடைச்சரக்கு தாண்டியதில்லை. நீ இல்லை என்பதற்காக அது மாறாது.

நேற்று வெண்டைக்காய் வதக்கினேன். சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் விழவில்லை. போஸ்டர் ஒட்டலாம். எப்படிச் செய்வது என்று உன்னிடம் கேட்கவில்லை. நடந்ததைத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு மூட்டை பூசணி பஸ்ஸில் போட்டிருக்கிறேன். கண்டக்டர் நம் டிப்போ ஆள். வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவன்


ஜூலை 19

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டை வந்தது. இரண்டு காய் அடிபட்டிருந்தது, மற்றவை நல்ல காய்கள்.

வெண்டைக்காயை முதலில் கழுவித் துணியால் துடையுங்கள். ஈரம் போன பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பின் தண்ணீர் காட்டாதீர்கள், மூடி போடாதீர்கள், சும்மா கிளறிக்கொண்டே இருக்காதீர்கள். எதையும் கிளறாமல் இருக்க உங்களால் முடியாதுதான். முயன்று பாருங்கள்.

போன் வேண்டாம் என்றதற்குக் காரணம் கோபம் இல்லை. போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன். காகிதத்தில்தான் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர முடியாது.

இங்கே இருப்பதெல்லாம் நர்சிங் படிக்கிற பெண்கள். பூசணிக் குழம்பை வாயில் வைத்ததும் ஒருத்தி, "என்ன ஆன்ட்டி, குழம்புல சர்க்கரை போட்டீங்களா?" என்றாள். "பூசணிடி. வாயை மூடிட்டுச் சாப்பிடு" என்றேன். "வாயை மூடிட்டு எப்படி ஆன்ட்டி சாப்பிடறது?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டாள். ஆனால் பாத்திரம் காலி.

முன்பிருந்த சமையல்காரி இனி வரமாட்டாள். மகன் வந்து கூட்டிப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்கும்வரை இருக்கச் சொல்கிறார்கள். சனிக்கிழமைதோறும் வார்டன் அம்மா சமையலறை வாசலில் நின்று, "அடுத்த வாரம் என்னக்கா செய்யலாம்?" என்று கேட்பார். முதல் தடவை எனக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்று யோசிக்க வேண்டியிருந்தது. நம் வீட்டில் காலையில் நீங்கள் கூடையைக் கொண்டுவந்து வைப்பீர்கள். கூடையில் இருப்பதுதான் சமையல். நான் யோசித்ததே இல்லை.

மாத்திரையை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


அக்டோபர் 12

சனிக்கிழமைதோறும் யோசிக்கிறவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து மூன்று மாதம் ஆகப்போகிறது. உடனே எழுதியிருந்தால் தாள் எரிந்திருக்கும். அதனால் ஆறவிட்டேன்.

நான் கேட்டதில்லை என்கிறாய். எதைக் கேட்பது? அவரை காய்த்துத் தொங்கும்போது உனக்குக் கத்தரி வேண்டுமா என்று கேட்டு என்ன பயன்? மழைக்குப் பூசணி, குளிருக்குக் கீரை, வெயிலுக்கு வெள்ளரி. இந்த வரிசையை நான் போடவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல், விதை வாங்கி ஏமாந்து, எலியிடம் தோற்று, நானாகக் கற்றுக்கொண்ட தோட்டம். டிப்போவிலிருந்து வந்து கை கழுவாமல் நேரே மண்வெட்டியை எடுத்த நாட்கள் உனக்கு மறந்துவிட்டன. இருபது பாத்தியும் யார் சாப்பிடுவதற்கு? தையல்காரரா?

அவருக்கும் பதில் சொல்லி முடியவில்லை. "அத்தை எப்போ வருவாங்க?" என்று தினமும் கேட்கிறார். போன வாரம், "அவரை முடிஞ்சதும் வந்துடுவா" என்றேன். "எந்த வருஷத்து அவரை மாமா?" என்கிறார். வேலியை உயர்த்தப் போகிறேன்.

இப்போது பொழுதுக்கும் கீரைதான். வெண்டைக்காய் ஒட்டுவதில்லை. நீ சொன்னதால் அல்ல, சட்டியை மாற்றினேன். புதினாவைத் தேங்காய் வைத்து அரைத்துப் பார்த்தேன், குறை சொல்ல முடியாது.

ஒன்று சொல்ல வேண்டும். திராட்சைக்கொடி பந்தலைத் தொட்டுவிட்டது. ஆசைப்பட்டுக் கேட்டவள் நீ. கேட்ட ஒரு மணி நேரத்தில் கொடி கொண்டுவந்தவன் நான். கேட்காதவன், கேட்டுக்கொள்ளாதவன் என்று எழுதுகிறவள் இதையும் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
கேட்காதவன்


நவம்பர் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

திராட்சையைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

அன்று எனக்குக் காய்ச்சல். நான்கு நாளாக வாயெல்லாம் கசப்பு. தண்ணீரே குமட்டியது. "ஒரு கொத்து திராட்சை இருந்தா வாய்க்கு நல்லா இருக்கும்" என்றேன். நம் தெரு முனையில் பழவண்டி நிற்பது படுக்கையிலிருந்தே தெரியும். நீங்கள் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு போனீர்கள். கேட் சத்தம் கேட்டதும் நான் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். பழம் வரும்போது படுத்திருக்க வேண்டாமே என்று.

நீங்கள் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு குச்சியைக் கொண்டுவந்தீர்கள். "ரெண்டே வருஷம், காய்ச்சுக் கொட்டும் பாரு" என்றீர்கள். ஒரு தட்டில் தோட்டத்துப் பப்பாளியை வெட்டி என் கையில் கொடுத்துவிட்டுக் குழி தோண்டப் போய்விட்டீர்கள். நான் சிரித்தேன். அழுகைதான் வர வேண்டும், சிரிப்பு வந்தது. அதை நீங்கள் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டீர்கள். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறீர்கள்.

காய்ச்சல் விட்ட மறுவாரம் ஹாஸ்டலில் ஆள் கேட்டார்கள். வந்துவிட்டேன்.

நீங்கள் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. உங்களைப் பற்றி யாரிடமும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வண்டி பக்கத்தில் நின்றது என்பதைத் தவிர.

இன்னொரு விஷயம். என்னை நிரந்தரமாகவே இருக்கச் சொல்கிறார்கள். மாடியில் ஜன்னல் வைத்த அறை ஒன்று தருகிறார்கள். பொங்கிப் போடக் கைக்கு உதவியாக இரண்டு பெண்கள். ஜனவரிக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன், பாப்பாவுக்குக்கூடத் தெரியாது.

மழைக்குப் படியில் பாசி பிடித்திருக்கும். பார்த்து இறங்குங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஜனவரி 8

மாடி அறைக்குப் போகலாமா என்று யோசிப்பவளுக்கு,

தப்பு என்று எழுதமாட்டேன். எழுதுவேன் என்று நீ எதிர்பார்த்தால், தபால்காரருக்காகத் தேவையில்லாமல் காத்திருக்காதே.

அந்த வண்டித் திராட்சையில் மருந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். காய்ச்சலில் கிடந்தவளுக்கு அதைக் கொடுக்கச் சொல்கிறாயா? சில்லறை கொடுத்துப் பழம் வாங்க எவனாலும் முடியும். உனக்காகக் குழி தோண்டியவன் நான். (இதையும் நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்வாய்.) நீ பழத்துக்காகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த வண்டியில் வாங்கியிருக்க மாட்டேன். வேறு எங்காவது கேட்டுப் பார்த்திருப்பேன், அவ்வளவுதான்.

ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பின்பக்கம் மோட்டார் அறையைக் காலி செய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, எனக்கு ஓர் அடுப்பு போட்டுக்கொண்டேன். இனி என் சமையல் அங்கே. உள் சமையலறை முழுக்க உனக்கு. எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கு, எதை வேண்டுமானாலும் பொங்கு. குளிரில் மாங்காய் வாங்கு, வெயிலில் முட்டைக்கோஸ் வாங்கு. நான் அந்த நிலைப்படி தாண்டமாட்டேன், மூடியைத் திறந்து பார்க்கமாட்டேன். தையல்காரர் செங்கல் தூக்கக் கூட வந்தார். வாய்தான் சும்மா இருக்கவில்லை. "ஊர்ல அண்ணன் தம்பி பிரிஞ்சா தனி அடுப்பு வைப்பாங்க. புருஷன் பொண்டாட்டி சேர்றதுக்குத் தனி அடுப்பு வைக்கிறது நீங்கதான் மாமா" என்கிறார்.

நான் மாறவில்லை. என் இடத்தைத்தான் மாற்றிக்கொண்டேன். இதற்கு மேல் என்னால் ஆகாது.

தக்காளி இந்தக் குளிருக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. கொத்தமல்லி வாசனை கேட்வரை வருகிறது. பதிலைச் சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
பின்கட்டுக்காரன்


ஜனவரி 25

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சுவருக்கு நீங்களே சுண்ணாம்பு அடித்தீர்கள் என்றால் தோள்பட்டை வலித்திருக்கும். எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் நான் உள்ளே பொங்கி உள்ளே சாப்பிடுவேன். நீங்கள் பின்னால் பொங்கிப் பின்னால் சாப்பிடுவீர்கள். நடுவில் கூடம் காலியாகக் கிடக்கும். யோசித்துப் பார்த்தேன். அப்படித் தனியாகச் சாப்பிடுவதற்கு நான் ஏன் அங்கே வர வேண்டும்? இங்கே என்னோடு உட்கார்ந்து சாப்பிட, சண்டை போட, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்ல இத்தனை பேர் இருக்கிறார்கள்.

வார்டன் அம்மாவிடம் இருந்துவிடுகிறேன் என்று நேற்றுச் சொல்லிவிட்டேன்.

வெட்டிவிட்டதாக நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் வெளி ஆட்களை உள்ளே விடுவார்கள். மர பெஞ்சும் மின்விசிறியும் உள்ள அறை, நன்றாகவே இருக்கும். வாருங்கள் என்று கூப்பிடமாட்டேன். நீங்கள் இங்கே சாப்பிடமாட்டீர்கள், சாப்பிடாதவரை எப்படிக் கூப்பிடுவது? வந்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன்.

தக்காளியைப் பழுக்கவிட்டு உப்புப் போட்டு வெயிலில் காய வையுங்கள். கெடாது.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 10

பாப்பாவின் அம்மாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வந்தேன்.

சாப்பாடு கட்டிக்கொண்டுதான் வந்தேன். உங்கள் ஹாஸ்டல் லாரிக் காயைத் தொடுவதாக இல்லை, அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரே பெஞ்சில் நீ உன் தட்டையும் நான் என் டப்பாவையும் வைத்துக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்காது என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. சாதமும், பச்சைத் தக்காளி வதக்கியதும், கீரையும். சலவைச் சட்டை போட்டிருந்தேன்.

கேட்டில் காவல்காரர் நிறுத்தினார். "யாரைப் பார்க்கணும்?" என்றார். சமையல்கார அம்மாவை என்றேன். "அம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

சாப்பாட்டு டப்பாவைக் கை மாற்றிப் பிடித்தேன். சொல்லத் தெரியாமல் இல்லை. நீ அங்கே என்ன சொல்லி வைத்திருக்கிறாயோ என்று இருந்தது. ஒருவேளை எதுவுமே சொல்லியிருக்க மாட்டாய். ஒருவேளை யாரும் இல்லை என்று சொல்லியிருப்பாய். இத்தனை பெண்பிள்ளைகள் போய்வருகிற வாசலில் நான் ஒன்று சொல்லி, அது நீ சொன்னதற்கு மாறாகப் போய்விட்டால் தலைகுனிவு உனக்கு. பின்னால் ஒரு பெண் வேறு, "தாத்தா, கொஞ்சம் வழி விடுங்க" என்கிறாள். "காய்கறி கொண்டுவந்தேன்" என்று சொல்லிவிட்டேன். "அப்ப பின்வாசலுக்குப் போங்க பெரியவரே, இது விருந்தாளிங்க வர்ற வழி" என்றார்.

பின்வாசலுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். உப்பு கொஞ்சம் கம்மி.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் வருவேன். முன்வாசலில்தான் நிற்பேன். அந்த ஆள் மறுபடி அதையே கேட்பார். நான் வாய் திறக்கப் போவதில்லை.

நீ வந்து சொல்.

நான்