முதல் வரியில் ஒரு சிறுத்தை

ஜனவரி 7, புதன்

காலை பத்து மணிக்குக் கோவை அலுவலகத்திலிருந்து செல்போன் வழியாக வகுப்பு. நடத்தியவர் வசந்த்குமார், இணையப் பதிப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பொறுப்பாசிரியர். வயது முப்பத்திரண்டு. கேட்டவர்கள் பதினொரு நிருபர்கள். தலைப்பு: வாசகனை முதல் வரியிலேயே பிடிப்பது எப்படி.

உவமை போடச் சொன்னார். உருவகம் இன்னும் நல்லதாம். முடிச்சு ஒன்றைப் போட்டுவிட்டுக் கடைசிப் பத்தி வரை அவிழ்க்கக் கூடாதாம். நான் முப்பத்தொரு வருடமாக "குன்னூர், ஜன. 7:" என்று ஆரம்பித்து யார், எங்கே, எப்போது, எத்தனை என்று எழுதிவருகிறேன்.

"அகமது பாய், உங்க செய்தியில ஒரு தப்பும் இருக்காது. அதான் பிரச்சினையே" என்றார். மற்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஜனவரி 9

நேற்று உறைபனிச் செய்திக்கு உவமை போட்டேன். புல்வெளியில் வெள்ளைக் கம்பளம் விரித்ததுபோல. காலையில் மற்ற பத்திரிகைகளைப் புரட்டினேன். நான்கில் அதே கம்பளம்.

ஜனவரி 13, செவ்வாய்

ஆண்டாயி பஸ் ஏறி வந்திருந்தார். கொலக்கம்பைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கொழுந்து எடுத்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். வயது 58. ஒன்பது வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். வரிசை வீட்டை இன்னமும் லயம் என்பார். அதில் தனக்குள்ள ஓர் அறையைக் காம்பரா என்பார்.

"தொரை காயிதம் குடுத்திட்டாரு சார். நேத்துக் காலைல. இருவதாந் தேதிக்குள்ள காம்பராவக் காலி பண்ணணுமாம்."

தொரை என்பது மேனேஜர் தினகரன். ஏன் காலி செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"டூரிஸ்ட்டுக வந்து தங்கப்போறாங்களாம். பழைய லயத்துல ஒரு ராத்திரி படுத்துப் பாக்கணுமாம். நாங்க நாப்பது வருசமாப் படுத்துப் பாத்தோம். எப்பிடி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல."

எட்டுக் காம்பராவில் ஐந்து ஏற்கெனவே காலி. இவருக்குப் போக இருக்கும் ஒரே இடம் தேவர்சோலையில் தம்பி வீடு. கடைசி மகள் பிரீத்தி பிளஸ் டூ. பரீட்சை மார்ச் 2 முதல் 26 வரை, மையம் குன்னூர். தேவர்சோலையிலிருந்து குன்னூர் எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். காலைப் பரீட்சைக்கு எந்தப் பஸ்ஸும் ஆகாது.

"மார்ச்சு முடியிற மட்டும் உட்டாப் போதும் சார். அப்பறம் நாங்களே போயிருவோம். புள்ள எழுதி முடிக்கணும்."

பதினான்கு வரியில் செய்தி எழுதி அனுப்பினேன். நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தது. "முதல் வரி தூங்குது பாய்."

ஜனவரி 14

அப்படியா என்று ரோஷம் வந்தது. ஐம்பத்தேழு வயதில் வரக் கூடாத ரோஷம். உட்கார்ந்து மாற்றி எழுதினேன். இங்கே ஒரு பிரதி வைத்துக்கொள்கிறேன்:

"மேல் டிவிஷன் லயத்துக்குள் திங்கட்கிழமை காலை ஒரு சிறுத்தை நுழைந்தது. உறுமவில்லை. வாசல் வாசலாக நின்று பார்த்தது. ஆறாம் நம்பர் காம்பராவின் கதவிடுக்கில் தலையை நுழைத்தது. உள்ளே ஒரு பெண் பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்."

இப்படியே நான்கு பத்தி. ஐந்தாவதில்தான் முடிச்சு அவிழ்கிறது: "அந்தச் சிறுத்தைக்கு நான்கு கால்கள் இல்லை. நான்கு வரிகள் இருந்தன. கீழே மேனேஜரின் கையெழுத்து." பிறகு தேதி, ஊர், கிலோமீட்டர் எல்லாம்.

மனைவி ஷாயிஸ்தாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் பத்தியிலேயே கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "அல்லாவே, புள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?" முழுவதையும் படித்தேன். "காயிதமா? அத மொதல்லயே சொன்னா என்னங்க?" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முப்பத்தொரு வருடத்தில் என் செய்தியைக் கேட்டு அவள் நெஞ்சில் கை வைத்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜனவரி 17, சனி

பொங்கல் விடுமுறை முடிந்து இன்று வெளியானது. ஐந்தாம் பக்கம். கடைசி நேரத்தில் நகைக்கடை விளம்பரம் வந்ததாம். என் செய்தியின் கடைசி நான்கு பத்திகள் இல்லை. சிறுத்தை இருக்கிறது. காயிதம் இல்லை. இணையத்தில் தலைப்பு: "லயத்துக்குள் சிறுத்தை! உள்ளே தனியாக மாணவி!"

வசந்த்குமாரைக் கூப்பிட்டேன்.

"பாய்! ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் படிச்சிருக்காங்க!"

"எதைத் தம்பி?"

"சிறுத்தைய!"

"அது சிறுத்தை இல்லை. முடிச்சு அவிழவே இல்லையே."

"அவுக்காம உட்டதாலதான் பாய் இத்தன பேரு."

ஜனவரி 18

வனத்துறை ரேஞ்சர் ரேகா போன் செய்தார். நேராகப் பேசுபவர். சுற்றி வளைக்க மாட்டார்.

"ஏனுங்க சார், எத்தன மணிக்குங்க பாத்தீங்க? ஒத்தையா, குட்டியோடவா?"

அது ஓர் உருவகம் என்று விளக்கினேன்.

"சார், மேல இருந்து மூணு தடவ கேட்டுட்டாங்க. உருவகத்துக்கு ரிப்போர்ட் எழுதறதுக்கு எங்ககிட்ட ஃபாரம் இல்லீங்க. சிறுத்தைன்னா இருக்குது."

ஜனவரி 19

லயத்துக்கு முன்னால் கூண்டு வைத்துவிட்டார்கள். உள்ளே இரைக்கு ஓர் ஆடு. மரங்களில் நான்கு கேமரா. உத்தரவும் போட்டிருக்கிறார்கள்: கூண்டு எடுக்கப்படும் வரை லயத்துக்குள் வெளியாள், வண்டி, சாமான் ஏற்றி இறக்குதல் எதுவும் கூடாது.

போய்ப் பார்த்தேன். சிறுத்தையைக் கண்டவர்கள் இதுவரை ஆறு பேர். ஒருவர் வாலை அளந்து சொன்னார். ஆண்டாயி பால் விடாத டீயை, அவர் சொல்லில் சாயத்தண்ணியை, கொடுத்துவிட்டு, "நானும் கண்டேன் சார்" என்றார்.

"எப்போது?"

"நீங்க எழுதுனதுக்குப் பொறகு."

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. பிரீத்திதான் புத்தகத்துக்குப் பின்னால் சிரித்தாள்.

ஜனவரி 20, செவ்வாய்

கெடு நாள். சாமான் ஏற்ற வந்த எஸ்டேட் லாரியை வனக்காவலர் கீழ் ரோட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

லயங்களைப் பற்றி இத்தனை வருடத்தில் எத்தனை செய்தி எழுதியிருப்பேன். கூரை ஒழுகியதை எழுதினேன், தண்ணீர் வராததை எழுதினேன், வெளியேற்றியதைத் தேதியோடு எழுதினேன். ஒரு லாரியாவது திரும்பியதா?

ஆனால் பொய் பொய்தான். எட்டு வரியில் திருத்தம் எழுதி அனுப்பினேன். வசந்த்குமார் உடனே பதில் போட்டார்: "திருத்தத்த யார் பாய் படிப்பாங்க? விடுங்க."

நான் அனுப்பிவிட்டேன். அவர் போடவில்லை. போடமாட்டார் என்று தெரிந்துதானே அனுப்பினேன்? தெரிந்துதான். இதற்கு என்ன பெயர்? அதுவும் ஓர் அணியா?

ஜனவரி 27

கூண்டில் சிக்கியது: மேனேஜர் பங்களா நாய். ஆடு நலம்.

பிப்ரவரி 4, புதன்

தினகரன் என் வீட்டுக்கே வந்தார். கோபத்திலும் மரியாதை குறையாத மனிதர்.

"ஏனுங்க அகமது, ஒரு சிறுத்தைய எழுதி உள்ள உட்டுட்டீங்க. இப்ப நீங்களே எழுதி வெளிய கூட்டிட்டுப் போயிருங்க."

திருத்தம் அனுப்பிய தேதியைக் காட்டினேன்.

"அனுப்புனா ஆச்சுங்களா? அச்சுல வரணுமில்ல. ஏப்ரல்ல சீசனுங்க. பெயிண்ட் அடிக்கணும், பாத்ரூம் கட்டணும். மூணு குடும்பம் உக்காந்துக்கிட்டு நகர மாட்டேங்குது."

"ஒரு மாதம் பொறுத்தால் அந்தப் பிள்ளை பரீட்சை எழுதிவிடுவாள்."

"எனக்கும் புள்ளைக இருக்குதுங்க" என்றார். இது சம்மதமா மறுப்பா என்று சொல்லாமலே காரில் ஏறிவிட்டார்.

பிப்ரவரி 16

மறுபடியும் தினகரன். போனில். குரலில் வேறு உற்சாகம்.

"அகமது, அந்தத் திருத்தம் போட்டுறாதீங்க! சென்னையில இருந்து, பெங்களூர்ல இருந்து போனுங்க. சிறுத்தை வந்த ரூமுதான் வேணும்னு கேக்கறாங்க. ஆறாம் நம்பருக்கு இப்பவே ஏழு பேர் எழுதி வெச்சாச்சு. கூண்டை எடுத்ததும் மொதல்ல அதத்தான் காலி பண்ணி ரெடி பண்ணப்போறேன்."

ஆண்டாயிக்குச் சிறுத்தை வேண்டும், எஸ்டேட்டுக்கு வேண்டும், பத்திரிகைக்கு வேண்டும். வேண்டாதவன் நான் ஒருவன். நான்தான் அதைப் பெற்றவன்.

பிப்ரவரி 18

ரேகாவின் அலுவலகத்துக்குப் போனேன். முப்பது நாளில் கேமராவில் விழுந்தவை: காட்டுமாடு, முள்ளம்பன்றி, பிரீத்தி. நாளை மறுநாள் கூண்டை எடுக்க வேண்டும் என்றார். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி.

வெட்டப்பட்ட நான்கு பத்திகளையும் மேஜையில் வைத்தேன். படித்தார். மார்ச் 26 என்ற இடத்தில் விரல் நின்றது.

"இத ஏனுங்க சார் மொதல்லயே எழுதல?"

"எழுதினேன். தூங்குகிறது என்றார்கள்."

பிப்ரவரி 20, வெள்ளி

இரண்டாம் நோன்பு. ரேஞ்சரின் புது உத்தரவு வந்தது. பிரதி வாங்கினேன். ஒரு வாக்கியத்தை எடுத்து எழுதுகிறேன்:

"தடயம் கிடைக்காமையே அவ்விலங்கின் எச்சரிக்கை உணர்வுக்குத் தடயமாகக் கருதப்படுவதால், கூண்டு மார்ச் 27 வரை நீட்டிக்கப்படுகிறது."

மூன்று முறை படித்தேன். இந்த மாவட்டத்தில் எழுதத் தெரிந்தவர் யார் என்று இன்று தெரிந்தது.

மார்ச் 2, திங்கள்

தமிழ்த் தாள். மையத்து வாசலில் பிரீத்தியைப் பார்த்தேன். உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வேறுபாடு, எடுத்துக்காட்டுடன் விளக்கு என்று கேட்டிருந்தார்களாம்.

"நம்ம சிறுத்தையத்தான் எழுதினேன் சார்."

"காயிதத்தையும் எழுதினாயா?"

"எழுதாம? அதுக்குத்தானே மார்க்கு."

மார்ச் 27, வெள்ளி

நேற்றுக் கடைசித் தாள். இன்று காலை கூண்டை எடுத்தார்கள். பத்தரை மணிக்கு லாரி வந்தது. ஆண்டாயி சொன்ன சொல்படி அதற்கு முன்பே சாமான்களை வாசலில் கட்டிவைத்திருந்தார். இரண்டு இரும்புப் பெட்டி, ஒரு கட்டில், பாத்திர மூட்டை மூன்று, கேஸ் அடுப்பு. பிரீத்தி புத்தகங்களை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"உங்க சிறுத்த நல்ல சிறுத்த சார். சொன்ன தேதிக்குப் போயிருச்சு" என்றார் ஆண்டாயி. லாரி திரும்பும்போது கையாட்டவில்லை. கட்டில் சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 29

ஜனவரியில் அனுப்பிய திருத்தம் இன்றுதான் வெளியானது. ஒன்பதாம் பக்கம், ரயில் நேரத்துக்குக் கீழே. படித்தவர்: நான்.

ஏப்ரல் 8

தினகரன் ஆறாம் நம்பரைச் சுற்றிக் காட்டினார். சுவரில் வெள்ளை. கரி படிந்த ஒரு மூலையை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள், விருந்தினருக்குப் பிடிக்குமாம். வாசலில் மாட்ட ஒரு பலகை வேண்டும், நான்தான் எழுத வேண்டும் என்றார். "சிறுத்தைன்னு மட்டும் போட்டுறாதீங்க, இப்பத்தான் திருத்தம் வந்திருக்குது. ஆனா படிச்ச ஆளு அங்கயே நிக்கோணும்."

மறுக்கலாம் என்றுதான் இருந்தேன். பிறகு எழுதிக் கொடுத்தேன்:

"இந்த அறையில் ஆண்டாயி 1984 முதல் 2026 மார்ச் 27 காலை பத்தரை மணி வரை குடியிருந்தார்."

யார், எங்கே, எப்போது. உவமை இல்லை, முடிச்சு இல்லை. தினகரன் இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, மரத்துல செதுக்கிரலாம்" என்றார். பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

தினகரன் போன் செய்தார்.

"அகமது, என்னங்க இப்படி எழுதிட்டீங்க! வர்றவங்க அத்தன பேரும் பலகை முன்னால நின்னுர்றாங்க. யாரு அந்தம்மா, பத்தரை மணிக்கு என்ன ஆச்சு, செத்துட்டாங்களா, எங்க போனாங்கன்னு ஒரே கேள்வி. நேத்து ஒரு பொண்ணு அழுதுருச்சுங்க."

முப்பத்தொரு வருடமாக நான் எழுதிய எவரையும் பற்றி யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பதில் என்னிடம் இருந்தது. சொல்கிறேன், பலகையில் சேர்த்துவிடுங்கள் என்றேன்.

"ஐயோ வேண்டாங்க! தெரியாம இருந்தாத்தான் கேக்கறாங்க" என்றார்.

போனை வைத்துவிட்டேன். ஆண்டாயி தேவர்சோலையில் இருக்கிறார். பஸ் நிறுத்தத்திலிருந்து வலப்பக்கம் இறங்கும் சந்து, தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்து மூன்றாவது வீடு, பின்பக்கத்து அறை. பக்கத்துத் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறார். பிரீத்திக்கு ரிசல்ட் இன்னும் வரவில்லை.