அண்ணை வேண்டாமென்ற பிக்கப்

ஸ்காபரோ
18.03.2025, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கச்சி மங்கைக்கு,

நலமே விளைக. கடந்த 15ஆம் திகதி சனிக்கிழமை பிற்பகல் 4.10 மணிக்கு, நான் பேசிக்கொண்டிருக்கையிலேயே நீ தொலைபேசியை வைத்தாய். மறுநாள் வழமையான ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. பேச்சை முறித்தவர்தான் மறுபடி அழைக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஆகையால் எழுதுகிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். 11ஆம் திகதி செவ்வாய் காலை 10.35க்கு வாகன விற்பனை நிலையத்துப் பெண் நிரோஷினி என்னை அழைத்தாள். "அங்கிள், அன்ரி ஓர்டர் பண்ணின ஹைபிரிட் பிக்கப் வந்திட்டுது. நாளைக்குள்ளை சொல்லோணும், லைன்லை கனபேர் நிக்கினம்" என்றாள். "அவவுக்கு அது வேண்டாம் பிள்ளை, வேறை ஆருக்கும் குடுங்கோ" என்றேன். அவ்வளவே. படிவத்தில் என் எண்ணை எழுதியவள் நீ. கேட்டார்கள், பதில் சொன்னேன்.

பாதி மின்சாரம் என்றாலும் பெற்றோல் எரிக்கும் வண்டி இனி எதற்கு, முழு மின்சார வண்டியே வாங்கு என்று பெப்ரவரி 22ஆம் திகதி உனக்குத் தெளிவாகச் சொன்னேன். வாடகை பேஸ்மென்றில் சார்ஜ் செய்ய வசதியில்லை என்றாய். அந்தக் குறையையும் தீர்த்தேன்: மார்ச் 6ஆம் திகதி மின்வேலைக்காரரை அழைத்து என் கராஜ் சுவரில் சார்ஜர் பூட்டுவித்தேன். அதைப் பற்றி உன்னிடமிருந்து ஒரு சொல் இல்லை. அறுபத்து நான்கு வயதில் மணவறைத் தூண்களைப் பின்தட்டில் ஏற்றிக்கொண்டு பிக்கப் ஓட்டும் பெண்ணை இந்த ஊரில் நான் கண்டதில்லை. மின்சார வண்டியாவது சத்தமில்லாமல் போகும்.

இங்ஙனம்,
அண்ணன் சி. இரத்தினவேல்


அஜக்ஸ்
மார்ச் 22

அண்ணைக்கு,

நலமே விளைக என்று தொடங்கியிருக்கிறீர்கள். என்ன நலம் விளைந்தது? எட்டு மாதம் காத்திருந்தேன். போன சனிக்கிழமை நானே விற்பனை நிலையத்துக்குப் போய் "என்ரை வண்டி எப்ப பிள்ளை வரும்?" என்று கேட்டேன். "அது வந்து போட்டுது அன்ரி. அங்கிள் வேண்டாமெண்டிட்டாரே" என்று அந்தப் பிள்ளை முழித்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை பதினொரு கல்யாணத்துக்கு மணவறை போட ஒப்புக்கொண்டிருக்கிறேன். போன கோடையில் இரவல் வான் வரப் பிந்தியதால், ரெக்ஸ்டேலில் மாப்பிள்ளை வந்து நிற்கிறார், மணவறைக்குத் தூண் இல்லை. பெண்ணின் தாய் சபை நடுவில் "இனி உம்மைக் கூப்பிடவே மாட்டம்" என்றா. அதை உங்களுக்குச் சொன்னேன். ஓம் ஓம் என்றபடி பேப்பர் பார்த்தீர்கள்.

மின்சார வண்டிகளையும் நான் பார்க்காமல் விடவில்லை. நான் பார்த்த மின்சாரப் பிக்கப்புகள் எல்லாம் பெரிசு. வீட்டுக்காரர் எனக்கு விட்ட இடத்தில் நிறுத்தினால் பாதி ரோட்டில் நிற்கும். மின்சாரக் காருக்குள் ஆறடித் தூண் போகாது. குளிருக்கு ஓடும் தூரமும் குறைகிறது. ஹைபிரிட் என்றால் ஓடும்போதே தன் பற்றரியைத் தானே ஏற்றிக்கொள்ளும். யாருடைய சுவரும் தேவையில்லை.

அந்தச் சுவர்க் கதைக்கு வருவோம். கிழமைக்கு மூன்று நாள், ஐந்தாறு மணித்தியாலம் உங்கள் கராஜில் வண்டி சார்ஜில் நிற்கும். நான் உங்கள் ஹோலில் குந்தியிருக்க வேண்டும். அண்ணி கண்மூடினபிறகு வீடு வெறிச்சென்று கிடக்குது, வந்து இரு என்று ஒருதரம் சொல்லியிருந்தால் வந்திருப்பேன். சொல்ல மாட்டீர்கள். ஆள் பிடித்துச் சுவரில் ஓட்டை போடுவீர்கள்.

தொண்ணூற்றியொன்றில் வந்து இறங்கிய நாளிலிருந்து எல்லாப் படிவத்திலும் உங்கள் எண்ணைத்தான் எழுதினேன். மரியாதைக்கு எழுதினேன். உங்களை முடிவெடுக்கச் சொல்லி எழுதவில்லை.

மங்கை


ஸ்காபரோ
27.03.2025, வியாழக்கிழமை

மங்கைக்கு,

முதலில் ஒரு திருத்தம். நீ கனடாவுக்கு வந்தது 1991இல் அல்ல. 1992 ஒக்ரோபர் 3, சனிக்கிழமை. விமான நிலையத்தில் நின்றவன் நான்.

வீடு வெறிச்சென்று கிடப்பதாக உனக்கு யார் சொன்னது? எனக்கு நூலகம் இருக்கிறது, முதியோர் சங்கம் இருக்கிறது. பொழுது போதாமல் இருக்கிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நேற்றுக் காலையே இரண்டு பஸ் மாறி விற்பனை நிலையத்துக்குப் போனேன். என் தங்கச்சிக்கு அந்த வண்டி வேண்டும் என்றேன்.

"அன்ரி நேரை வந்து கையெழுத்து வைக்கோணும், அங்கிள்."

"நான் அவவின்ரை தமையன்."

"தெரியும் அங்கிள். அதாலைதான் கேக்கிறன்."

என்ன திமிர்! பதினைந்து நாட்களுக்கு முன் வேண்டாமென்ற என் சொல் செல்லுமாம். இன்று வேண்டுமென்ற என் சொல் செல்லாதாம். மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். ஒன்றேகால் மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். கடைசியில், யாரோ வேண்டாமென்று விட்ட சாம்பல் நிறப் பிக்கப் ஒன்று நிற்கிறது, 29ஆம் திகதி சனிக்கிழமை மாலை ஐந்து மணிவரை உனக்காக வைத்திருப்போம் என்றார்கள். உன் எண் அவர்களிடம் இல்லை. நானே அறிவிப்பதாகச் சொன்னேன். ஆகவே தவறாமல் போ. இக்கடிதத்தை இன்று ஐந்து மணிக்கு முன் தபாலில் சேர்க்கிறேன். நாளை உன் கையில் இருக்கும்.

நடந்ததில் என் பக்கத்திலும் சிறிது அவசரம் இருந்ததை மறுக்கவில்லை. 30ஆம் திகதி ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு இருவருக்குச் சமைத்திருப்பேன்.

அண்ணன்


அஜக்ஸ்
ஏப்ரல் 5

அண்ணைக்கு,

29ஆம் திகதி மாலை ஐந்து மணிவரை என்று நீங்கள் எழுதிய கடிதம் 31ஆம் திகதி திங்கட்கிழமை வந்தது. சாம்பல் நிறப் பிக்கப்பும் போய்விட்டது. ஒரேயொரு போன் அண்ணை! யார் முதலில் எடுப்பது என்ற உங்கள் கொள்கை என் வண்டியை இரண்டாம் தரமும் தின்றது.

அடுத்த நாள் போனேன். நிரோஷினி தலையில் கை வைத்தாள். "அங்கிள் உடனை சொல்லுறன் எண்டல்லோ போனவர்!" நீங்கள் அங்கே மேலாளருடன் சண்டை பிடித்த கதையையும் சொன்னாள். அந்தக் கதிரையில் ஒன்றேகால் மணித்தியாலம் இருந்திருக்கிறீர்கள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் போகவில்லை.

ஸ்ரௌவ்வில்லில் ஒரு பெயின்ரர், தான் மூன்று வருடம் ஓடிய ஹைபிரிட் பிக்கப்பை விற்கப் போட்டிருந்தார். வியாழக்கிழமை எடுத்துவிட்டேன். பின்தட்டு முழுக்க வெள்ளைப் பெயின்ற். தூண்களை வைத்துப் பார்த்தேன்; பின்கதவைத் திறந்துவிட்டால் நேராகக் கிடக்கின்றன. 401 நெடுஞ்சாலையில் நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். டொக்டரிடமும் பாங்கிலும் மருந்துக் கடையிலும் உங்கள் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். இனி உங்களை யாரும் கரைச்சல்படுத்த மாட்டார்கள்.

போன ஞாயிறு சமைத்து வைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். எனக்குத் தெரியாது. நாளையும் நான் வரவில்லை. ஒருநாள் வருவேன். எந்தத் திகதி என்று எழுத மாட்டேன். சமைத்து வைத்துக் காத்திருக்க வேண்டாம். வந்தால் குசினியில் இருக்கிறதைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, நான் போகவேண்டிய நேரத்துக்குப் போவேன்.

மங்கையற்கரசி